கறுப்புத் திரைக்குள் ஒரு வீடு

"அவன் பேரை மட்டும் சொல்லுங்க சார். மத்ததை நான் பாத்துக்கறேன்."

எங்களை வரவழைத்த அந்த அக்கா இதைச் சொன்னபோது குரல் உயரவில்லை. தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று 'சாப்பிட்ட பிறகு ஒண்ணு' என்று சொல்கிற அதே குரல். கத்தியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். கத்துகிறவர்கள் எனக்குப் பழக்கம். பதினோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். என் அக்காள் புருஷன் துப்பறியும் ஆபீஸ் திறந்து, 'கூட வந்துடு மாப்ளே, உக்காந்த இடத்துல வேலை' என்றார். வந்த நாளிலிருந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன்.

இதுவும் மாடிதான். கீழே அக்காவும் தம்பியும் குடியிருந்த வீடு. மேலே, வெளிப்படி வைத்த ஒற்றை அறை. அதில் தம்பியின் மேஜை, மூடி இல்லாத இரண்டு பேனா, ஒரு கம்ப்யூட்டர். தம்பிக்கு வீடுகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிற தொழில். அவன் போய் ஏழு வாரம் ஆகிறது.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றார் அத்தான்.

"எட்டு மாசமா எனக்குன்னு ஒரு வீடு வரைஞ்சிட்டிருந்தான் சார். காகிதத்துல இல்ல. இந்தத் திரையிலேயே கதவைத் தொறந்து உள்ள நடக்கலாமாம். காட்டுடான்னா, 'முடியட்டும்க்கா'ம்பான். அன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்கு என்னை இந்த நாற்காலியில உக்கார வச்சுத் தொறந்தான். ஒரே கறுப்பு. ஒண்ணுமே இல்ல."

"அவர் என்ன சொன்னார்?"

"'நேத்து இருந்துதுக்கா, நேத்து இருந்துதுக்கா'ன்னு அதையே சொன்னான். நான் விடல. எட்டு மாசம் சும்மா உக்காந்துட்டு என்னை ஏமாத்தினியாடான்னு கேட்டேன். பொய் சொல்றவன் என் முகத்துல முழிக்காதேன்னேன்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "போனான். ஒன்பது நாப்பதுக்கு நாலு முனை சந்திப்புல லாரி. முழிக்கவே இல்ல சார்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் சந்தேகப்பட்டது தம்பியின் கூட்டாளியை. பிளான் பிரிண்ட் எடுக்கும் கடையில் வேலை பார்ப்பவன். இந்த அறைக்கு அவனிடமும் ஒரு சாவி உண்டு. முந்தின நாள் சாயங்காலம் இங்கே உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான். தம்பி கடைசியாகப் போன் செய்ததும் அவனுக்குத்தான்: ஒன்பது இருபத்தாறுக்கு, மூன்று நிமிஷம்.

"என்னடா பேசினான்னு கேட்டா, தலையைக் குனிஞ்சிட்டு நிக்கறான். என் தம்பி பொய் சொல்றவன் இல்ல. இவன்தான் வயித்தெரிச்சல்ல எதையோ பண்ணி வச்சிருக்கான். துக்கத்துக்கு வந்தவனை வாசல்லயே வெளில போடான்னுட்டேன். நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கப் போறேன். அதுக்குத்தான் அத்தாட்சி வேணும்."

அத்தான் கம்ப்யூட்டரைப் போட்டார். தம்பி பயன்படுத்தியது பழைய கால வரைபட மென்பொருள். புது கம்ப்யூட்டரில் அது ஓடாது. அதனால் புது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருந்தான்.

"விர்ச்சுவல் மெஷின்னு பேரும்மா," என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். பெரிய விஷயங்களைச் சின்னதாக்குவது என் இலாகா.

"பெரிய வீட்டுல ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்ட மாதிரிக்கா. குடித்தனக்காரருக்குத் தனி வாசல், தனி பூட்டு. ஆனா படம் காட்டற கிராபிக்ஸ் கார்டு வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான். அவர் மனசு வச்சுக் கடன் கொடுத்தாத்தான் உள்ள இருக்கறவருக்குப் படம் தெரியும்."

"கொடுக்கலேன்னா?"

"இருட்டுலயே குடித்தனம்."

உள்ளிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் எழுந்து வந்தது. வரைபட மென்பொருளும் திறந்தது. சுற்றிலும் பட்டன்கள் பளிச்சென்று இருந்தன. நடுவில் வீடு இருக்க வேண்டிய இடம் மட்டும் கரிச்சட்டியின் அடி போல இருந்தது. அத்தான் அந்தக் கறுப்பில் மவுஸை மெதுவாக, குருடர் சுவரைத் தடவுவது போல நகர்த்தினார். அம்புக்குறி. அம்புக்குறி. ஓரிடத்தில் அது சட்டென்று கை அடையாளமாக மாறியது. நகர்த்தினால் மறுபடி அம்பு. திரும்ப வந்தால் கை.

"தொட ஏதாவது இருந்தாத்தான் கை வரும் மாப்ளே. இங்க ஒரு கதவு இருக்கு. நமக்குத்தான் தெரியல."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கா?"

"இருக்கும்மா. வீடு எங்கயும் போகல."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் இடிந்து விழுந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. தம்பி பொய் சொல்ல மாட்டான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், உள்ளுக்குள் அவன் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படி இருந்தால் அன்று கத்தியதற்கு ஒரு நியாயமாவது மிஞ்சும். இப்போது அதுவும் போயிற்று.

குடித்தனக்காரர், அதாவது உள்ளே இருக்கும் பழைய கம்ப்யூட்டர், எழும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் ஒரு நாட்குறிப்பு எழுதுவார். என்ன கொடுத்தேன், என்ன கொடுக்கவில்லை என்று. அத்தான் அதைப் பிரித்தார். முந்தின நாள் சாயங்காலம்: கிராபிக்ஸ் உதவி உண்டு. அன்று காலை ஒன்பது மணி: இல்லை. நடுவில் காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு யாரோ செட்டிங்கை மாற்றிச் சேமித்திருக்கிறார்கள்.

"ஏழு நாப்பத்திரண்டுக்கு உங்க தம்பி எங்க இருந்தார்?"

"கீழ குளிச்சிட்டிருந்தான். நான் சொல்லல? அந்தக் கூட்டாளிதான் வெளிப்படி வழியா வந்திருக்கான் சார்!"

அத்தான் செட்டிங் பக்கத்தைத் திறந்தார். அடுத்த நொடி முன்னால் குனிந்தார்.

"எல்லாம் தமிழ்ல இருக்கே."

"என் தம்பிதான் மாத்தினான். முந்தின நாள் உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா அவனே டைப் அடிச்சான். மருந்துப் பேரை விட்டா எனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? 'நாளைக்கு நீயே ஓட்டிப் பாக்கணும்க்கா'ன்னான்."

அத்தான் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டார்.

"அந்த செட்டிங்கைத் திரும்பப் போட்டா வீடு வந்துடுமில்ல?" என்றேன்.

"பொறு."

அவர் பொறு என்றால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

பிளான் பிரிண்ட் கடையில் ஆள் நீளத்துக்குக் காகிதம் வழிந்துகொண்டிருந்தது. கூட்டாளி அதை இரு கையாலும் வாங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும், ஏழு வாரமாகத் தூங்காத கண்கள். டிக்கெட் எடுக்காதவனை நான் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவேன், அவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். இவன் எங்களை நேராகப் பார்த்தான்.

"அக்கா அனுப்பிச்சாங்களா?"

"அன்னைக்குக் காலைல ஏழு நாப்பத்திரண்டுக்கு எங்க இருந்தீங்க?" என்றார் அத்தான்.

"இங்கதான். ஏழரைக்குக் கடை தொறக்கறது நான். கடைல கேமரா இருக்கு, மூணு மாசப் பதிவு இருக்கும், பாத்துக்கங்க."

பார்த்தோம். ஏழு இருபத்தெட்டுக்கு ஷட்டரைத் தூக்குகிறான். ஒன்பதரை வரை அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறான். நடுவில் ஒன்பது இருபத்தாறுக்குப் போன் வருகிறது. காதில் வைத்தவன் முகம் முதலில் கவலையாகிறது, பிறகு என்னவோ மாறுகிறது. கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டான்.

"யாரோ அந்த ரூமுக்குள்ள போய் கிராபிக்ஸை அணைச்சிருக்காங்க," என்றார் அத்தான். "அதனாலதான் வீடு தெரியல."

"ம்."

"போன்ல அவர் என்ன சொன்னார்?"

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள சார்."

"நாளைக்கு உங்க மேல புகார் கொடுக்கப் போறாங்க. தெரியுமா?"

அவன் சுருட்டிய காகிதத்துக்கு ரப்பர் பேண்டு போட்டான். ஒரு தடவை அறுந்தது. இன்னொன்று எடுத்துப் போட்டான்.

"கொடுக்கட்டும் சார். அவங்க மனசு அதுல ஆறும்னா ஆறட்டும்."

வெளியே வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆள் சுத்தம் அத்தான். அழுத்தம் ஜாஸ்தி, ஆனா சுத்தம். கேமராவே டிக்கெட் கிழிச்சுக் கொடுத்திடுச்சே. அப்ப எவன்தான் பண்ணினான்?"

"அதை அவன் கேட்டானா?"

"எதை?"

"ஏழு வாரமா ஒருத்தன் மேல அநியாயமாப் பழி. யாரோ அணைச்சிருக்காங்கன்னு நான் சொல்றேன். நீயா இருந்தா முதல்ல என்ன கேப்பே?"

"எவன்டா அவன்னு சட்டையைப் பிடிப்பேன்."

"அவன் 'ம்'னான். அவ்வளவுதான். ஏன்னா யாருன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சு வாயை மூடிக்கிட்டு இருக்கான். யாருக்காக ஒருத்தன் இவ்வளவு பெரிய பழியைச் சுமப்பான் மாப்ளே?"

நான் நடையை நிறுத்தினேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் என்னைத் திட்டிக்கொண்டே விலகிப் போனார்.

"தமிழ்ல எழுதின மெனு," என்றார் அத்தான். "எழுதினது ஒருத்தருக்காக. முந்தின நாள் எழுதினான், மறுநாள் காலைல கை பட்டிருக்கு. அந்த வீட்டுல அதைத் தமிழ்ல படிக்க வேண்டிய ஆள் யாரு?"

"வேணாம் அத்தான்."

"நானும் வேணாம்னுதான் பாக்கறேன்."

"கரண்ட் ஏறி இறங்கிச்சு, கம்ப்யூட்டர் தானா அணைஞ்சுடுச்சுன்னு சொல்லிடலாம். கம்ப்யூட்டர் மேல பழி போட்டா அது என்ன வக்கீலா வைக்கப் போகுது? ஆயிரம் பொய் சொல்றோம் இந்தத் தொழில்ல, இது ஆயிரத்தொண்ணு."

"சொன்னா நம்புவாங்களா? அவன்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு விட்டுட்டுப் போனா, நாளைக்கு அந்தப் பிள்ளை லாக்கப்புல. அதோட..." அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "அவங்க கேட்டது உண்மையை மாப்ளே."

திரும்பி நாங்கள் அந்த மாடிப்படி ஏறியபோது, இருபத்திரண்டு படிகளையும் எண்ணினேன். சீக்கிரம் மேலே போய்விடக் கூடாது என்பதற்காக.

அக்கா எங்களுக்காகவே லீவு போட்டிருந்தாள். எழுந்து நின்றாள். "ஒத்துக்கிட்டானா?"

"உக்காருங்கம்மா." அத்தான் செட்டிங் பக்கத்தைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினார். "மருந்துக்கடைல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"இருபத்திரண்டு."

"டாக்டர் சீட்டெல்லாம் எப்படிப் படிக்கறீங்க? எங்களுக்குக் கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"எழுத்தை எங்க சார் படிக்கறது? பாதி எழுத்து இருக்கவே இருக்காது. தலையும் வாலும் பாத்தா, நடுவுல இதுதான் இருக்கணும்னு தெரிஞ்சிடும். இன்னி வரைக்கும் ஒரு சீட்டு தப்பாப் படிச்சதில்ல."

"இந்த வரியைப் படிங்க."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு நொடி கூடத் தயங்காமல் படித்தாள்.

"முப்பரிமாண முடக்கம்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எனக்குத் தெரியும் சார்," என்று அவளே தொடர்ந்தாள். "அந்த வாரம் முழுக்க 'படம் இழுக்குதுக்கா, திக்குதுக்கா'ன்னு அவன் புலம்பிட்டே இருந்தான். அன்னைக்கு அவன் குளிக்கப் போனப்ப நான் மேல வந்து பழகிப் பாத்தேன். பாத்தா, முடக்கம்னு போட்டு டிக் அடிச்சு வச்சிருக்கு. முடக்கி வச்சா எப்படி ஓடும்? டிக்கை எடுத்து விட்டேன். 'உன் பெட்டிக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கேன், இன்னைக்கு ஜம்முனு ஓடும் பாரு'ன்னு அவன்கிட்ட கூடச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் அந்தக் கூட்டாளி வந்து..."

"அம்மா. இன்னொரு தடவை படிங்க. எழுத்து எழுத்தா."

"முப்பரிமாண..." அவள் விரல் திரையைத் தொட்டது. "மு. டு."

விரல் அங்கேயே நின்றது.

அது 'ட' இல்லை, 'டு'. முடக்கம் இல்லை, முடுக்கம். வேகப்படுத்துவது. படத்தைக் காட்டுகிற உதவியின் பெயரே அதுதான். முடங்குவதும் முடக்குவதும் நம் வீடுகளில் தினம் புழங்குகிற வார்த்தைகள். முடுக்கம் என்று எந்த வீட்டில் யார் பேசுகிறார்கள்? தலையும் வாலும் பார்த்தால் நடுவில் 'ட'தான் இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள். நான் அதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அத்தான் பக்கம் திரும்பிவிட்டாள்.

"பேர் கேட்டேனே சார்," என்றாள் அவள்.

அத்தான் மவுஸை விட்டுக் கையை எடுத்தார்.

"நான்தான் உங்ககிட்ட பேர் கேட்டேன். சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

"நீங்கதாம்மா."

அவள் தலையாட்டினாள். கடையில் ஒரு மருந்து இல்லை என்று ஆகிவிட்டால், அடுத்தது என்ன என்று கேட்பதற்கு முன்னால் தலையாட்டுவார்களே, அப்படி. பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழுகையில் கொஞ்சமாவது இறங்கிப் போகும். இது இறங்கவில்லை.

"நேத்து இருந்துதுக்கான்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். நான் கேக்கல."

அத்தான் மவுஸை அவள் கைப் பக்கம் நகர்த்தினார். அவளே அந்த டிக்கைப் போட்டாள். பழைய கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி எழுப்பினோம். கறுப்பு விலகியது.

சின்ன வீடு. காலை வெயில் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து விழுந்திருந்தது. மூடிய கதவு. கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செருப்புக் கழற்ற ஒரு பலகை. நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறவளுக்கு என்று யோசித்து வைத்தது. அடுத்தவர்களுக்கு எத்தனையோ வீடு வரைந்திருப்பான், அதில் ஒன்றிலாவது இப்படிப் பலகை வைத்திருப்பானா தெரியாது.

அவள் கதவைத் திறக்கவில்லை. போனை எடுத்தாள். கூட்டாளியின் நம்பரைத் தேடி, என்னிடம் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"அக்கா?" என்றான் கூட்டாளி. பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தம்.

"நான்தான்டா. நான்தான் அணைச்சேன். உனக்குத் தெரியுமா?"

பிரிண்டர் நின்றது. அவன்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"தெரியும்க்கா."

"அவனுக்கு?"

மறுபக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

"டேய், சொல்லுடா. அவன் என்ன சொன்னான்? என்னைத் திட்டினானா?"

"இல்லக்கா. முதல்ல பதறிப் போய்த்தான் பேசினான். மவுஸ் கையா மாறுது, அப்ப உள்ள இருக்குடான்னு சொல்லிட்டே வந்தவன், திடீர்னு நிறுத்தினான். 'டேய், காலைல அக்கா நல்லது பண்ணியிருக்கேன்னாடா'ன்னு சொல்லிட்டு ஒரே சிரிப்பு. நடுரோட்டுல வண்டியை நிறுத்திட்டுச் சிரிக்கறான்க்கா. 'தப்பு என்னுதுடா. எவன் வீட்டுல முடுக்கம்னு பேசறான்? வேகம்னு வச்சிருக்கணும். சாயங்காலம் மாத்திட்டு வீட்டைக் காட்டறேன். அவ தான்தான் அணைச்சதுன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா, மூச்சு விடாதே'ன்னான். நான் சரின்னேன். அதான் கடைசியா அவன் கேட்டது. எப்படிக்கா சொல்லுவேன்?"

அக்கா நாற்காலியில் இருந்தபடியே குனிந்து, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்த நிலையிலேயே கேட்டாள்:

"சிரிச்சானா?"

"சிரிச்சான்க்கா. சிரிச்சுக்கிட்டேதான் வண்டியை எடுத்தான்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருப்பேன், அந்தப் பையன் என் பஸ்ஸில் ஒரு நாளாவது ஏறியிருப்பானா என்று யோசித்தேன். முகம் தெரியாத ஒருவனுக்காக மூக்கைச் சிந்தினேன்.

"கடையைப் பூட்டிட்டு வா," என்றாள் அக்கா போனில். "உன்னை வாசலோட அனுப்பிச்சேனே, வா. உள்ள எப்படி நடக்கறதுன்னு எனக்குத் தெரியாது. அவன் உனக்குத்தானே காட்டியிருப்பான்."

"இதோ வரேன்க்கா."

"மெதுவா வா. அந்த சந்திப்பு வழியா வராதே."

கூட்டாளி சுற்று வழியாக வந்துசேர நாற்பது நிமிஷமாவது ஆகும். அத்தான் கதவைக் காட்டி, அழுத்தினால் திறக்கும் என்று ஒரு தடவை சொன்னார். அவள் வேண்டாம் என்று கையசைத்தாள். அவன் வரட்டும், தனியாகப் போக மாட்டேன் என்றாள். நாங்கள் மூவரும் அந்த மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சும்மா விட்டால் திரை கறுத்துவிடும் என்பதால், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் மவுஸைக் கொஞ்சம் அசைத்துக்கொண்டே இருந்தேன்.